அப்பா வைக்க மறக்காத பைப்புகள்

எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்து அம்மா இறந்தாள். அதற்குக் காரணம் நான். அப்பா அல்ல.

இவ்வளவு எளிதாக எழுதிவிட முடிகிறதே! அப்பா உயிரோடிருந்தவரை இதில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறதோ என்னவோ...

அப்பா மேசன். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எல்லோரும் அவரை 'பாஸ்' என்றே அழைத்தார்கள். கருங்கல்லை உடைத்து, ஒன்றோடொன்று பொருத்தி, மலைச்சரிவின் மண்ணைத் தாங்கும் சுவர் எழுப்புவதில் அவருக்கு நல்ல பெயர். "பாஸ் கட்டுனா அசையாது" என்பார்கள். அதைக் கேட்கும்போது அப்பா வேறெங்கோ பார்ப்பார். ஆனால் காது மட்டும் அங்கேயே இருக்கும்.

தோட்டத் தொழிலாளர் வீட்டுவரிசையான லயத்தின் ஒற்றை அறையில் பிறந்து, அதே அறையில் கல்யாணம் செய்து, அதே அறையில் என்னைப் பெற்றவர் அவர். வீடு கட்டிக்கொள்ள ஏழு பேர்ச் காணி கிடைத்தபோது அதை நிலமென்றே சொல்ல முடியாது. முட்புதர் மண்டிய செங்குத்துச் சரிவு! வேலை முடிந்து வந்த மாலைகளில் அப்பா அதை வெட்டினார். அம்மா நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து மண் சுமந்தாள். வீடு எழும்புவதற்கு முன்பே வாசலில் லீக்ஸும் போஞ்சியும் காய்த்துவிட்டன.

குடிபுகுந்த அன்று அம்மா அறை அறையாய்ப் போய்ச் சிரித்தாள். "அம்மாடி, இங்கன இருந்து கூப்ட்டா அங்கன கேக்காது போலயே!" என்றாள். இருந்ததோ மூன்று சின்ன அறைகள்.

வீட்டுக்குப் பின்னால், மலையை வெட்டிய இடத்தில், அப்பா ஆளுயரத்துக்கும் மேலான கல்சுவர் கட்டினார். அதன் ஊடே பழைய தண்ணீர்ப் பைப்புத் துண்டுகளைப் பதித்தார். மலைக்குள் ஊறும் மழைத்தண்ணீர் அவற்றின் வழியே வடிந்து கீழேயுள்ள வடிகானில் விழும். வடியாவிட்டால் மண் ஊறிக் கனத்துச் சுவரைத் தள்ளிவிடும். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்! தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் அப்போது கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். சித்திரைப் புத்தாண்டு கழிந்து, கடை நண்பர்கள் நுவரெலியா பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை. கூடவே வெட்கம். பாதை பின்பக்கமாக இறங்குவதால், வீட்டுக்குள் நுழைபவர் அந்தச் சுவரை ஒட்டித்தான் வர வேண்டும். பாசி படிந்த கற்கள், துருநிறத்தில் ஒழுகும் தண்ணீர்... லயத்துப் பின்பக்கம் மாதிரியே இருக்கிறதே என்று கூசினேன்.

அப்பா ஒரு கோயில் மதில் வேலைக்காக வலப்பனைக்குப் போயிருந்தார். நான் சீமெந்து குழைத்துச் சுவர் முழுவதும் பூசினேன். பைப்பு வாய்களில் சாக்குத் துண்டுகளைத் திணித்து, அவற்றின்மேலும் பூசினேன். மேலே இளநீலப் பெயின்ட்!

அம்மா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாந் தம்பி. தண்ணி போறதுக்குன்னுதான் அப்பா அத வச்சிருக்காரு. வந்து பார்த்தா ஏசுவாரு."

"வந்தவங்க போனதும் தொறந்துருவேம்மா. நீங்க சும்மா இருங்க."

நண்பர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அந்தச் சுவரை ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவர்களோடு வேனில் ஏறிப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து அம்மா போன் செய்தாள். "என்ன தொர, செவத்துக்குப் பெயின்ட் அடிச்சதோட வேல முடிஞ்சிருச்சா? அந்த ஓட்டைய எப்ப தொறப்பீங்க?"

"அடுத்த மாசம் வெசாக் லீவுக்கு வர்றேம்மா."

"சரி சரி. அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா ஒன்னத்தான் ஏசுவாரு."

என்னைக் காப்பாற்றத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பார். உளியால் நாலு தட்டு தட்டினால் தீர்ந்துபோகும் வேலை அது.

அந்த வருடம் மழை வெசாக்குக்குக் காத்திருக்கவில்லை. விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் அம்மா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சுவர் முழுசாகக் குசினிமேல் சாய்ந்தது.

நான் வந்து சேர்ந்தபோது அவளை எடுத்துவிட்டிருந்தார்கள். வலப்பனைப் பாதையில் மண் விழுந்ததால் அப்பாவால் மறுநாள்தான் வர முடிந்தது. அந்த இடைவெளியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? இடிபாட்டில் குனிந்து கிடந்தேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளை தவிக்கிறான் என்று பார்த்தவர்கள் ஒதுங்கி நின்று அழுதார்கள். நான் பைப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன்! வாயில் சீமெந்து அடைத்த துண்டுகள்... கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி ஓயா ஆற்றில் எறிந்தேன். அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகத்தைப் போய்ப் பார்த்தேன்.

அடைத்தது புத்திகெட்ட வேலை என்று வைத்துக்கொள்வோம். பொறுக்கியது?

காரியம் முடிந்ததும் அப்பா இடிபாட்டுக்குப் போனார். நீலப் பெயின்ட் ஒட்டிய கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அழவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ பூசுனப்ப பைப்பு வாய விட்டுத்தானே பூசுன?"

மிக மெதுவாகத்தான் கேட்டார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பார். முகத்தில் விழிக்காதே என்றிருப்பார். அவ்வளவுதானே!

"பைப்பா? அதுல பைப்பே இல்லியேப்பா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம் கைகளைப் பார்த்தார். "வச்சேனேடா..." என்றார். கைகளைக் கவிழ்த்துப் பார்த்து, "வச்சேனா?" என்றார்.

வேலைக் களைப்போடு பல வருடங்கள் துண்டு துண்டாகக் கட்டிய சுவர் அது. தேடினால் பைப்பும் இல்லை. தாம் பெற்ற பிள்ளை வேறு இல்லையென்று சொல்கிறான். மனிதர் எதை நம்புவார்? இன்னும் தோண்டிப் பார்க்கவும் முடியவில்லை. அங்கே ஆபத்து என்று அதிகாரிகள் கயிறு கட்டிவிட்டார்கள். அந்தக் கயிற்றைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேன். ஆமாம், நிம்மதிப் பெருமூச்சு!

அப்பா மறுபடி லயத்துக்கே போனார், தம்முடைய அண்ணன் வீட்டு அறைக்கு. சாந்துக்கரண்டியை அதன்பிறகு தொடவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "வேற ஆளப் பாருங்க. என் கைய நம்பாதீங்க," என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் கேட்டு வருவதும் நின்றது.

ஆனால் ஒரு வேலையை அவர் விடவில்லை. பஸ் ஏறி டிக்கோயா போவார், நோர்வூட் போவார். இளமையில் தாம் கட்டிய சுவர்களைத் தேடிப் போய், பைப்பு வாய்களில் விரலை விட்டுப் பார்ப்பார். நான் ஊருக்கு வந்திருந்தபோது ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துச் சுவர், பங்களாவுக்குப் போகும் வழிச் சுவர்... எல்லாவற்றிலும் வரிசையாகப் பைப்புகள், தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"பாரு, எல்லாத்துலயும் வச்சிருக்கேன். நம்ம வீட்டுக்கு மட்டும் எப்புடிடா மறந்தேன்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்கிறீர்கள்? "வயசாகுதுல்லப்பா," என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்!

இன்றும் எங்காவது சுவரில் நீர் சொட்டும் சத்தம் கேட்டால் என் கால் நின்றுவிடுகிறது. கொழும்பில் மழைக்கு ஒதுங்கி நிற்கும்போதுகூட, என் பக்கத்தில் யாரோ குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அப்பா படுக்கையில் விழுந்த செய்தி கேட்டு ஓடி வந்தேன். லயத்து அறையில், சுவரோரமாகக் கிடந்தார். பெரியப்பாவை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை அருகே அழைத்தார்.

"தம்பி, ஒங்கம்மாவ நான்தான் சாகடிச்சேன். ஒன்னத் தாயில்லாப் புள்ளையா ஆக்கிட்டேன். என்னைய மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுடா."

கேட்டீர்களா? அவர் என்னிடம் கேட்டார்!

உண்மை தொண்டைவரை வந்தது... சத்தியமாக வந்தது. அவருடைய கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது சொன்னால் இந்த மனிதர் தாங்குவாரா என்று யோசித்தேன். இல்லை, இதுவும் பொய். நான் தாங்குவேனா என்றுதான் யோசித்தேன்.

"மன்னிச்சிட்டேன்ப்பா."

அப்பா என் கையைப் பற்றி இழுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பாஸ் நிம்மதியாகப் போய்விட்டார் என்று சாவுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ஆமாம் என்று நானும் சொன்னேன்.