எனக்குச் சொல்லாமல் விட்ட சேதி

மனசு உடைந்தவர்களிடம் பேசித் தேற்றுவதுதான் அந்த டாக்டரம்மாவின் வேலை. அப்படிப் பேசுவதை நர்சுகளுக்கும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். வருசம் ஒருதடவை ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வகுப்பு நடக்கும். அங்கே நான் சமையல்கட்டில் இருந்தேன். டீயை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுவேன்.

ஒரு வருசம் டாக்டரம்மா, நடித்துக்காட்ட ஆள் வேண்டுமென்று என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். "நீங்க ஒரு அம்மா. குழந்தை ஆஸ்பத்திரியில இறந்துபோச்சு. இந்த நர்சு வந்து உங்ககிட்டச் சொல்லுவாங்க. சும்மா கேட்டுக்கிட்டு இருங்க, போதும்."

என் கதை அவர்களுக்குத் தெரியாது.

எதிரில் வந்த நர்சம்மாவுக்கு என் வயசு இருக்கும். "அம்மிணி, உங்க குழந்தை..." என்று ஆரம்பித்தார்கள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலைங்க" என்றேன்.

எப்படி வாய் திறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். மூணு மாசப் பிள்ளை. காய்ச்சலென்று கீழே சேலத்துக்குக் கொண்டுபோனேன். மறுநாள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, "தூங்குது, எழுப்பாம ஊட்டுக்குக் கொண்டு போ" என்றாள் அங்கிருந்த நர்சு. பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கி, பால் கொடுக்கத் துணியை விலக்கினேன்.

"அடப்பாவி! யாருங்க அந்த நர்சு?" என்றாள் பின்னால் இருந்த ஒரு பெண்.

"நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கேன்" என்றார்கள் எதிரில் இருந்த நர்சம்மா. "வண்டி பிடிக்க வசதியில்லாத சனம். பொணம்னு தெரிஞ்சா கண்டக்டர் ஏத்த மாட்டார். தாய் அழுதா நடுமலையில இறக்கி விட்டுருவார். பிள்ளை ஊடு போய்ச் சேரணுமேன்னு தூங்குதுன்னு சொல்லிடுவோம். எனக்கு மூத்தவங்க அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

என்னை ஒரு மனுசியாக மதிக்காமல்தான் சொல்லவில்லை என்று இத்தனை காலமும் அந்தச் சேலத்து நர்சைச் சபித்திருக்கிறேன். டாக்டரம்மா நடத்தின பாடத்தில் கண்டக்டர் கிடையாது.

"சொல்லியிருக்கலாமுங்க" என்றேன். "சேலையை வாயில அடைச்சுக்கிட்டு வந்திருப்பேன். பக்கத்து சீட்டுக்காரி, பிள்ளை நொம்ப சமத்துன்னு சொன்னா. நானும் சிரிச்சேனுங்க. செத்த பிள்ளையை மடியில வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்."

நர்சம்மா நாற்காலியை இழுத்து என் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"பையனுங்களா, பொண்ணுங்களா?"

"பொண்ணுங்க."

"அம்மிணி, உங்க பொண்ணு இறந்துட்டா. நாங்க முடிஞ்சதெல்லாம் பார்த்தோம். காப்பாத்த முடியலை."

அந்த நிமிசம்தான் சேதி எனக்கு வந்து சேர்ந்தது. "எப்பங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாது என்று தலையை ஆட்டினார்கள்.