கழுநீர்க் குடத்தில் உரத்தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை லேசில் விடமாட்டார். பீங்கான் தொழிற்கூடத்தில் சோதனைச்சாலை வேலை அவருக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கிருந்தோ ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து, மண்ணே இல்லாமல் தக்காளி வளர்க்கப்போகிறேன் என்றார். சூளையில் கோணிப்போய் ஒதுக்கப்பட்ட பீங்கான் தொட்டிகள் நான்கு எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தன. மண்ணுக்குப் பதில் உடைந்த பீங்கான் சில்லு, எருவுக்குப் பதில் உர உப்பைக் கரைத்த தண்ணீர். தக்காளி காய்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகவே காய்த்தது. ஆனால் தொட்டி கழுவுகிற வேலை மட்டும் எப்படியோ என் தலையில் விழுந்தது. காய்க்க வைப்பவர் அவர், கழுவுகிறவள் நான். நல்ல நியாயம்!

ஒரு தடவை காய்த்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிவிட்டுக் கழுவ வேண்டும். சில்லின் மேலெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், அடியில் பாசி வழுக்கும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஊறவைக்க வேண்டும். பிறகு அடித்துளையின் தக்கையைப் பிடுங்கி அதை வடித்துவிட்டு, நல்ல தண்ணீரை நாலைந்து தடவை விட்டு அலச வேண்டும். கிணற்றில் இறைத்து இறைத்து உள்ளங்கை காந்தும்.

"வடியிற தண்ணிய தெருவுல வுட்டுடாத. ஆடு மாடு உப்புக்கு நாக்க நீட்டிக்கிட்டு வரும். குடிச்சிச்சின்னா அவ்வளவுதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் வாளியிலும் அண்டாவிலும் பிடித்து, கொல்லைக் கோடியில் வெட்டிய குழியில் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

அன்றைக்கு முதல் தொட்டியிலேயே வாளியும் அண்டாவும் நிரம்பிவிட்டன. தக்கையைத் திரும்ப அடைக்கப் பார்த்தால் அது நசுங்கிப்போய் நிற்கவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் கொட்டுகிறது. பின்வாசலோரம் கழுநீர்க் குடம் காலியாக இருந்தது. அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் அதில் ஊற்றி வைப்போம். பால்காரம்மா அதைத் தன் வாளியில் ஊற்றி மாட்டுக்கு எடுத்துப்போவார். காலையில்தான் வந்து எடுத்துப் போயிருந்தார், இனி நாளைக்குத்தானே வருவார் என்று குடத்தை இழுத்துத் துளைக்கு அடியில் வைத்தேன். குடம் நிரம்பித் தொட்டியும் வடிந்ததும் அதைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். அப்போது பார்த்து அடுப்பில் உலை பொங்கியது, உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தபோது குடம் காலி. பக்கத்தில் ஈரக் காலடி.

பால்காரம்மாவின் மாடு நிறைசினை. அந்த ஒரு மாட்டை வைத்துத்தான் அந்தக் குடும்பமே சாப்பிடுகிறது. சினை மாட்டுக்குத் தாகம் அதிகம் என்று இரண்டாம் தடவை வந்திருப்பார். பவுடர் கலந்த அந்தத் தண்ணீரும் பார்க்க அரிசி களைந்ததுபோல வெள்ளையாகவே இருந்தது. பாவி, குடத்தின் மேல் ஒரு தட்டையாவது கவிழ்த்துவிட்டுப் போனேனா?

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அவர் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். போனால் கேட்டு போட்டிருக்கிறது! கூட்ஸ் வண்டி ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டி நகரும்போதும் அந்த மாடு ஒரு வாய் குடிப்பதுபோல இருந்தது எனக்கு. உள்ளதைச் சொல்கிறேன், மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உண்மையைச் சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா என்றுகூட அங்கே நின்று யோசித்தேன்.

கேட்டு திறந்ததும் ஓட்டமாய் ஓடிக் கொட்டகைக்குள் நுழைந்தேன். மாடு நின்றபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. பால்காரம்மா சுவரோரம் குந்தி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாடு குடிச்சிச்சா?"

"இல்லம்மா."

"ஒரு வாய்கூடவா?"

"வைக்கவே இல்ல. அந்தா, வாளியில அப்படியே இருக்குது பாருங்க."

"அப்பாடா! கடவுளே, பொழச்சேன்!" என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மறுபடியும் கொப்பளித்துத் துப்பினார். "நான்தாம்மா குடிச்சிட்டேன். ஒரு வூட்டுல சோப்புத் தண்ணிய கலந்துட்டாங்க, மாடு மூணு நாளு கழிஞ்சிச்சு. அன்னையிலேருந்து நாக்குல வச்சிப் பாக்காம வைக்கிறதில்ல. சளிப் புடிச்ச மூக்கு, வாசன தெரியல. ஒரு கை அள்ளி வாயில வச்சேன் பாருங்க, நாக்கு வெந்துபோச்சு. என்னா தண்ணிம்மா அது?"

சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"முழுங்கல, துப்பிட்டேன். அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கையை விடுவித்துக்கொண்டார். பிறகு, "மாட்டுக்கு ஒண்ணும் இல்லன்னதும் நிம்மதியா ஒக்காந்துட்டீங்களே!" என்று சிரித்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொழிற்கூடத்துச் சங்கு ஊதும்வரை பால்காரம்மாவின் முகத்தையே பார்த்தபடி அங்கேயே இருந்தேன். சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர், துப்பிவிட்டதால் ஒன்றும் ஆகாது என்றார். தக்காளி ஒன்றுதான் உங்களுக்குக் கேடு என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். அப்படியும் பதற்றம் அடங்கவில்லை. சாயங்காலம் இன்னொரு தடவை போய்ப் பால்காரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பால்காரம்மா வந்தார். குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுக் கழுநீர் ஊற்றி வைத்திருந்தேன். அவர் குனியும் முன்னே, "இருங்கக்கா" என்று நான் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினேன்.

அவர் இடுப்பில் கைவைத்தபடி நான் விழுங்குகிறவரை பார்த்திருந்தார். பிறகு குனிந்து, தானும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் குடத்தைத் தூக்கினார்.