நான் பார்க்காத என் முதுகு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் தொழுநோயைக் கண்டறியும் அரசு வேலை எனக்கு. வயது இருபத்தாறு. ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி, வீடு வீடாகப் போய், யார் தோலிலாவது உணர்ச்சியில்லாத வெளுத்த படை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் ஒரு கோழி இறகுதான். கண்ணை மூடச் சொல்லி அதைக்கொண்டு தொடுவேன். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சந்தேகம்.

ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையிலேயே போய்விடும், விரல் மடங்காது என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன்.

அன்றைக்கு ஓர் ஊரில் ஒரே ஒரு வீடு பாக்கி. வாசலில் கணவனும் மனைவியும் புளியை ஓடு நீக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல. போய்ட்டு வாங்க சார்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

நான் நகரவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊர் ஜனத்தையெல்லாம் பாக்கறீங்களே, உங்கள யாரு பாத்தாங்க?"

எனக்கு ரோஷம். "இப்போ நீங்களே பாருங்க" என்று சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றேன்.

அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். "தோளுக்குக் கீழ இன்னாமோ வெளுத்தாப்புல கீதே சார்."

"தேமலா இருக்கும்மா" என்று சிரித்தேன்.

கணவர் எழுந்து வந்து என் கையிலிருந்த இறகை வாங்கினார். பக்கத்து வீடுகளில் நான் செய்ததைக் கவனித்திருக்கிறார் போல.

"கண்ண மூடுங்க சார். தொட்டா காட்டுங்க."

மூடினேன். காத்திருந்தேன்.

"ம், தொடுங்க" என்றேன்.

"அஞ்சு தபா தொட்டுட்டேன் சார்."

அவர் குரலில் கேலி இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது. அந்தம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

கணவர் கேட்டார்: "மொதல்லயே பாத்துக்கினா மாத்திரைல போய்டும்னு சொன்னீங்களே, அது மெய்யா, சும்மாவா?"

"மெய்தாங்க."

"அப்போ நீங்க அத துன்னுவீங்களா?"

"இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெம்பு வந்தது.

அவர் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். பதினேழு வயது மகள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். முழங்கைக்கு மேலே ரூபாய்க் காசு அளவில் ஒரு படை. ஊரார் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு வருஷமாக அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே மலையிறங்கி டாக்டரிடம் முதுகைக் காட்டினேன். சந்தேகம் சரிதான், ஆனால் நரம்பு கெடவில்லை என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண்ணையும் பெற்றோர் அழைத்து வந்தார்கள். அதன்பின் மாதாமாதம் அவளுக்கு மாத்திரை கொண்டுபோகும்போது, என் மாத்திரையையும் அவர்கள் வாசலில், எல்லோரும் பார்க்க விழுங்கினேன். அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களிலிருந்துகூட ஆட்கள் தாங்களாகவே கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

சில வருஷ மாத்திரையில் இருவருக்குமே பூரணமாகக் குணமானது. வீட்டில் எனக்குப் பார்த்த பெண்ணின் குடும்பத்தாரிடம் எதையும் மறைக்காமல் சொல்லித்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

எனக்கு வராது என்ற எண்ணத்தில் அன்று ஒருவேளை சட்டையைக் கழற்றாமலே இறங்கி வந்திருந்தால், இன்று இதை எழுத இந்த விரல்கள் இப்படி நேராக இருந்திருக்குமா என்று அடிக்கடி நினைப்பேன். அதனால்தான், இன்னொருவர் கண்ணுக்கு உடம்பைக் காட்டக் கூச்சப்படுகிறவர்களை நான் கைபிடித்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.