தீபத்தன்று மாடியில் சொன்னது

கரும்பலகையில் ‘நீ’ என்று எழுதினேன். ‘நீராவி’ என்று முடிக்க வேண்டும். அடுத்த எழுத்துக்குக் கை எழவில்லை. முதலில் சலசலத்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மெல்ல அமைதியானார்கள். அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. மணி அடித்த பிறகு பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து, என் விரல்களிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அந்த வருடம் வைகாசியில் என் தம்பி முருகேசன், கீழ்பென்னாத்தூரில் எங்கள் பெற்றோர் வீட்டில் இறந்துபோனான். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். அம்மா தாங்கமாட்டாள் என்று சொல்லி, வாயைத் திறக்கக் கூடாதென்று என்னிடமும் என் கணவரிடமும் அப்பா சத்தியம் வாங்கியிருந்தார்.

ஐப்பசிக்குள் எனக்குச் சோறு மணலாகிவிட்டது. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும். குளிக்கச் சொம்பைத் தூக்குவதே பெரிய வேலை. உள்ளூர் டாக்டர் ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார். யாரோ செய்வினை என்றார்கள், கயிறு கட்டினோம். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. எனக்கும் அப்போது வேறு பெயர் தெரியாது.

மூன்றாம் முறை போனபோது அதே டாக்டர், “வேலூருக்குக் கூட்டினு போங்க. மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காங்க” என்றார். என் கணவர் இரண்டு வாரம் தயங்கினார். “பைத்தியம்னு பேர் வந்துடுச்சுன்னா ஸ்கூல்ல வெச்சுக்குவாங்களா?” என்று கேட்டார்.  மூன்றாம் வாரம் அவரே என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றினார்.

வேலூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு முழுக்க ஆட்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் ஒரு பெண். கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் நேராகக் கேட்டார்.

“செத்துடலாம்னு தோணுதாம்மா?”

ஐந்து மாதமாக எல்லோரும் என்னிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் கேட்டிருந்தார்கள். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதிரவில்லை. எத்தனை நாளாக, தினமுமா, எப்படி என்று யோசித்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் முருகேசனைப் பற்றிச் சொன்னேன்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். “அக்கா, எதுலயும் மனசு ஒட்டல” என்றான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும் போடா” என்றேன். அவன் சிரித்துவிட்டுப் பஸ் ஏறினான்.

“நான் வேற மாதிரி பேசியிருந்தா இருந்திருப்பானா?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்கும் தெரிய வழியில்ல. அவருக்கு இருந்தது ஒரு நோய்னு உங்க வீட்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப உங்களுக்கு வந்திருக்கறது நோய்னு எனக்குத் தெரியுது.”

டிப்ரஷன் (மனச்சோர்வு நோய், வெறும் கவலை அல்ல, பசி, தூக்கம், சிந்தனை எல்லாவற்றையும் மந்தமாக்குவது) என்றார். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை என்னைத் தனியாக விடக் கூடாது, மாத்திரைகளும் என் கையில் இருக்கக் கூடாது என்று கணவரை உள்ளே அழைத்துச் சொன்னார். என்னிடம், “அந்த எண்ணம் முத்திப்போச்சுன்னா, அடங்கட்டும்னு காத்துனு இருக்காதீங்க. பக்கத்துல யார் இருந்தாலும் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்” என்றார்.

உண்மையில் முதலில் அவர் என்னை அன்றைக்கே வார்டில் சேரத்தான் சொன்னார். நாங்கள் மறுத்து வந்துவிட்டோம். அது தவறு.

என்னோடு இருக்கப் போளூரிலிருந்து கமலா அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. எனக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி ஒருமுறை அவர் சொன்ன சொல்லுக்காக இரண்டு வருடமாக நான் அவரிடம் முகம்கொடுத்துப் பேசியதில்லை. இப்போது நான் குளியலறைக்குப் போனால் அவர் வெளியே நின்று இருமுவார். எரிச்சலாக இருக்கும். நாக்கு வறண்டது, கை நடுங்கியது. மாத்திரையின் கெடுதல் முதலில் வந்தது, நல்லது வரவில்லை.

மாத்திரை தொடங்கிய பதினோராம் நாள் கார்த்திகை தீபம். வீடு முழுக்க உறவுக்காரர்கள். சாயங்காலம் மலையில் தீபம் ஏற்றும் நேரத்துக்கு எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். நான் பின்னாலேயே வருவதாக அண்ணி நினைத்துவிட்டார்.

கீழே நான் மட்டும். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. அன்று என்னிடம் துக்கம் இல்லை, அழுகை இல்லை. ஒரு முடிவு மட்டும் இருந்தது. அதன் விவரத்தை எழுதமாட்டேன்.

கால் எப்படிப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பதினான்கு படிகள். ஒவ்வொன்றிலும் நின்றேன். மேலே எல்லோரும் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள். அண்ணியின் தோளைத் தொட்டேன்.

“அண்ணி, என்னைத் தனியா விடாதீங்க.”

அந்த நொடிதான் ‘அரோகரா’ என்ற சத்தம் எழுந்தது. எல்லா முகங்களும் மலைப் பக்கம். அண்ணி மட்டும் என் பக்கம் திரும்பினார். என் மணிக்கட்டைப் பிடித்து, “வா, கீழ போலாம்” என்றார். தீபத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கீழே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “பேசணும்னா பேசு. பேசாட்டியும் பரவால்ல. நான் எங்கயும் போமாட்டேன்.” மறுநாள் வேலூர் பஸ் ஏறும்வரை அந்தப் பிடி தளரவில்லை. வெகுநாள் கழித்துச் சொன்னார்: “எனக்கு இன்னா செய்யறதுன்னே தெரியலடி. கையை விட்டுடக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது.”

இந்த முறை வார்டில் சேர்ந்தேன். இருபது நாள். ஒரு காலை, பக்கத்துக் கட்டிலில் யாரோ இட்லிக்குச் சட்னி கேட்டார்கள். எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. அதற்காக அழுதேன்.

அதோடு முடியவில்லை. நாலு மாதத்தில், பழகிவிட்டால் விடமுடியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நானே நிறுத்தினேன். ஆறே வாரத்தில் பழைய இடத்தில் கிடந்தேன். மறுபடி தொடங்கி, டாக்டர் சொன்னபடி ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். இதைப் படிப்பவர்கள் அந்த ஆறு வாரத்தின் பாடத்தை என்னிடமிருந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மாத்திரை நாட்களிலேயே, இரண்டாம் முறை தேறியபோது டாக்டர் கேட்டார்: “தம்பியைப் பத்தி வீட்ல யார்கிட்டயாவது பேசினீங்களா?” இல்லை என்றேன். “பேசிப் பாருங்க.”

கீழ்பென்னாத்தூரில் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினேன். “அம்மா, முருகேசன் நெஞ்சுவலியில போகல.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்டி. பெத்தவளுக்குத் தெரியாதா? உங்கப்பா தாங்கமாட்டார்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன்.” பிறகு கை நின்றது. “அவன் பேரைச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆச்சு. இன்னொருவாட்டி சொல்லு.”

சொன்னேன். அன்று பொழுது சாயும்வரை அவனைப் பற்றியே பேசினோம். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

முருகேசன் போய் இப்போது ஏழு வருடம் ஆகிறது. என் உடம்பை நான் இப்போது முழுதாக நம்புவதில்லை. அதனிடம் தினமும் விசாரித்துக்கொள்கிறேன். நாலு நாள் தொடர்ந்து விடியுமுன் விழித்தால் ஐந்தாம் நாள் வேலூர் போகிறேன். யாராவது எதிலும் மனசு ஒட்டவில்லை என்று சொன்னால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வியை அதே சொற்களில் கேட்கிறேன். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. எனக்கு அது கதவைத் திறந்தது.

முருகேசன் என்னைவிட ஐந்து வயது சின்னவன். இப்போது பன்னிரண்டு வயது சின்னவன். அவன் இருபத்துநாலிலேயே நிற்கிறான். நான்தான் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் தலை வாரும்போது காதோரம் முதல் நரையைப் பார்த்தேன். பிடுங்கக் கை போனது. வேண்டாம் என்று விட்டுவிட்டு, பின்னலை முடித்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன்.