இனாமாக நீட்டிய சிப்பாய்

செஸ் ஆட்டத்தில் எதிராளி ஒரு சிப்பாயை இனாமாக நீட்டினால் வெட்டுவீர்களா, மாட்டீர்களா?

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஞானப்பிரகாசம் மாட்டார்!

போன ஞாயிறு, கோலசிலாங்கூர் செஸ் போட்டியின் கடைசி ஆட்டம். எனக்கு எதிரே அவர். முதலாவதாக வருபவருக்குக் கோலாலம்பூர் போட்டியில் இடம். என்னைவிட அவருக்கு அரைப் புள்ளி கூடுதல். டிரா ஆனாலே அவர் போய்விடுவார். நானோ ஜெயித்தே ஆக வேண்டும்.

அதற்காகவே கிங்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தை வரி விடாமல் படித்துவிட்டுப் போயிருந்தேன். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலியாக நீட்டுவோம். எதிராளி ஆசைப்பட்டு வெட்டுவார். பலகை திறக்கும். என் குதிரையும் மந்திரியும் பாயும்...

வெள்ளைக் காய் எனக்கு. சிப்பாயைத் தள்ளினேன்.

கிராணி பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிப்பாயைத் தொடவே இல்லை — தன் மந்திரியை நகர்த்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார்!

சரி, பிறகாவது வெட்டுவார் என்று பார்த்தால்... ம்ஹூம். எதை நீட்டினாலும் வேண்டாம். கடைசியில் சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி, இந்த அவசரகாலத்தில் சனங்களை அடைத்து வைத்திருக்கும் புதுக்கிராமத்து முள்வேலி போல நின்றுவிட்டன. எனக்கும் வழியில்லை, அவருக்கும் வழியில்லை.

"டிரா பண்ணிக்குவமா தம்பி? ஊரடங்குக்கு முன்ன நான் தோட்டத்துக்குப் போய்ச் சேரணும்."

வேறென்ன செய்ய? கை கொடுத்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்ணே, அந்தச் சிப்பாயை வெட்டினா என்னவாம்? புத்தகத்துலயே வெட்டலாம்னுதான்லா போட்டிருக்கு!"

"புத்தகம் எழுதுனவரு எங்க தோட்டத்துலயா இருக்காரு?" என்றார். "முன்னப்பின்ன தெரியாதவன் ஒரு சுருட்டு நீட்டினாக்கூட நாங்க வாங்க மாட்டோம் தம்பி. இன்னிக்கு வாங்கினா, நாளைக்குக் காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்கு அரிசி கொண்டாம்பான். கொண்டு போனா போலீஸ் பிடிக்கும். போகலைன்னா அவன் பிடிப்பான்."

"இது செஸ்லா அண்ணே!"

"எனக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குதே."

யார் மேல் கோபப்படுவது? இந்த அவசரகாலம் நம் ஆட்களுக்கு எதையும் வாங்காமல் இருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டது. இது தெரியாமல், கொடுத்தே ஜெயிக்கிற ஆட்டத்தைப் படித்துவிட்டு வந்தவன் நான்!

கரும்பலகையில் 'ஆட்டம் சமம்' என்று சாக்கட்டியால் எழுதிவிட்டார்கள். கோலாலம்பூருக்கு அவர் போகிறார். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இது எந்த ஊர்ச் சமம், நீங்களே சொல்லுங்கள்?