அமிர்தநாதரின் துவக்குக் கொப்பி

ஒன்ராறியோவில், மல்வேர்ன் பக்கத்தில் ஒருவர் கப்பல் வாங்கி அதில் பீரங்கி பூட்டுகிறார் என்ற செய்தி தொண்ணூற்றாறாம் ஆண்டு யூன் மாதம் என் காதுக்கு வந்தது. வந்த இடம், டோர்செட் பார்க்கில் ஒரு மரக்கறிக்கடை. முருங்கைக்காய் நிறுத்தவர் தராசை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார். அடுத்த ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோயில் கார்த் தரிப்பிடத்தில் அது இரண்டு கப்பலாகியிருந்தது. இன்னும் ஒரு கிழமை விட்டால் துறைமுகமும் கட்டி முடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நான் பஸ் பிடித்து மல்வேர்னுக்குப் போனேன்.

கப்பல், ஒரு ரவுன்ஹவுஸ் வீட்டு வரிசையின் விருந்தினர் தரிப்பிடத்தில், நீலப் படங்குக்குக் கீழே கிடந்தது. பதினான்கு அடி அலுமினியப் போட். பின்னால் எட்டுக் குதிரைவலு மெஷின். படங்கைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் தெரிந்த குரல்.

"தம்பி, என்ன தேடுறியள்?"

"பீரங்கி, அண்ணை."

"அது இன்னும் வாங்கேல்லை. உள்ளுக்க வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அமிர்தநாதர். டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தில் நாலு வருடம் எனக்கு எதிர்க்கதவுக்காரர். இலங்கையில், பேசாலையில் கடலுக்குப் போனவர், இங்கே பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறார். வாளிக்கு மூடி போடும் பகுதி. 'கடலிலை வலை விரிச்ச கையாலை மூடி போடுறன்' என்று ஒருநாளும் அழுததில்லை. மூடி நன்றாகப் போடுவார்.

போட் வாங்கி இரண்டு கோடைகாலம் ஆகிவிட்டதாம். தண்ணீரைக் கண்டதில்லை. காரணம், மனைவி கிளடிஸ். எண்பத்தைந்தில் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு, நேவி துரத்த, இவரோடு கடல் தாண்டியவர். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீருக்குக் கிட்டப் போகாதவர். அமிர்தநாதருக்கோ, மனைவி ஏறாத போட்டில் தானும் ஏறுவதில்லை என்று பிடிவாதம்.

"அவ ஒரு கொண்டிசன் போட்டவ தம்பி. போட்டிலை ஒரு துவக்கு இருந்தால் வருவாவாம்."

"அன்ரி பகிடிக்குச் சொல்லியிருப்பா."

"பகிடியோ என்னவோ, சொன்னது சொன்னதுதானே."

எந்தத் துப்பாக்கி தோதென்று பார்க்கத்தான் அந்த நாற்பது பக்கக் கொப்பி. கேத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு வேட்டைச் சாமான் கடைக்கு ஆறுமுறை போய், அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து நிரப்பியிருந்தார். நீளம். பாரம். துருப்பிடிக்குமா. கிளடிஸ் தூக்குவாவா.

இரட்டைக்குழல் துவக்கு நீளம் கூடிப்போய், பேனையால் வெட்டுப்பட்டிருந்தது. "போட்டிலை திரும்பேக்க மெஷினிலை இடிக்கும்." பொயின்ற் இருபத்திரண்டு என்று ஒரு சின்னத் துவக்கு, மலிவு. "உது அணில் சுடுறது. நேவியைச் சுட்டால் அவங்களுக்குக் கோவம் மட்டும்தான் வரும்." மிஞ்சியது, இழுத்துச் சுடுகிற பம்ப் துவக்கு, கடலுக்கென்று நிக்கல் பூசியது. லேக்கில் உப்பு இல்லையே, இந்தப் பூச்சு உமக்கு எதற்கு என்று கடைக்காரர் கேட்டாராம். "இல்லாட்டில் நல்லதுதானே" என்றாராம் இவர்.

சனி ஞாயிறு துவக்கு வகுப்புக்கும் போய் ஐம்பதுக்கு நாற்பத்தாறு எடுத்திருந்தார். அங்கே படித்ததில் ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. துவக்கைப் பூட்டிக் கொண்டுபோக வேண்டும். தோட்டா உள்ளே இருக்கக்கூடாது.

"அப்ப நேவி வந்தால் நான் என்ன சொல்லுறது? ஐசே, கொஞ்சம் நில்லுங்கோ, திறப்பைத் தேடுறன் எண்டோ?"

"அண்ணை, லேக் ஒன்ராறியோவில நேவி எங்க இருக்கு?"

"இதைத்தான் பொலிஸ்காரனும் கேட்டவன்."

துவக்கு வாங்கப் பத்திரம் வேண்டும். பத்திரத்துக்குப் பொலிஸ் விசாரணை. எதற்குத் துவக்கு என்று கேட்டதற்கு 'பாதுகாப்பு' என்றிருக்கிறார். யாரிடமிருந்து? நேவியிடமிருந்து. எந்த நேவி? இலங்கை நேவி. அதிகாரி சுவரில் தொங்கிய ஏரிப் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர்கள் எப்போது இங்கே வந்தார்கள் என்று மரியாதையாகக் கேட்டாராம். "இன்னும் வரேல்லை, சேர்" என்று இவரும் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்.

மெஷின் ஏன் எட்டுக் குதிரை என்றும் கேட்டேன். ஊரில் பெரிய மெஷினுக்குத் தடை இருந்ததல்லவா, அதனால்தானாம். விற்ற வெள்ளைக்காரர் அதே விலைக்கு நாற்பது தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். தடை இங்கே இல்லை என்று இவருக்கும் தெரியும். "எண்டாலும் ஆர் கண்டது."

பத்திரத்துக்கு இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும், இவர் நல்லவர் என்று. தொழிற்சாலைப் போர்மன், ஒரு போர்த்துக்கேயர், வாசிக்காமலே வைத்துவிட்டார். இரண்டாவதுக்கு எங்கள் ஆட்களிடம் அலைந்தார். செல்வரட்ணத்துக்குச் சிற்றிசன் சோதனை வருகிறது. இராஜரட்ணம் மாமியாரை ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறார். இன்னொருவருக்குக் கையில் சுளுக்கு. பீரங்கிக் கதை எங்கே பிறந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது: வைக்காத ஒவ்வொரு கையெழுத்தும் துவக்கை ஒரு சுற்று பெருக்க வைத்திருக்கிறது.

"நான் வைக்கிறன் அண்ணை" என்று சொன்னேன். எனக்கும் பயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த கிளடிஸ் விளைமீன் குழம்பு வைத்தார். மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். கையைக் கழுவி, விண்ணப்பப் போமை விரித்து, பேனையைத் திறந்தேன்.

"தம்பி, பேனையை வையுங்கோ" என்றார் கிளடிஸ்.

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். வியாழக்கிழமை பொலிஸ் அவருக்கும் போன் பண்ணியிருக்கிறது. மனைவியிடமும் கேட்பது வழக்கமாம்.

"வீட்டிலை துவக்கு இருந்தால் உமக்குப் பயமில்லையோ எண்டு கேட்டான். நான்தானே கேட்டனான், என்னெண்டு சொல்லுறது? யோசிச்சுச் சொல்லுறன் எண்டு போனை வைச்சிட்டன். எட்டு மணித்தியாலம் நிலம் துடைச்சுக்கொண்டு யோசிச்சன்."

"பயமோ?" என்றார் அமிர்தநாதர்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு இராமேஸ்வரத்துக்கு எத்தினை போட் வெளிக்கிட்டது?"

"மூண்டு."

"துவக்கு எதிலை இருந்தது?"

அமிர்தநாதர் கொப்பியைப் பார்த்தார். "நடுவிலை வந்ததிலை. அந்தப் பெடியன் ரெண்டு வெடி வைச்சவன்."

"அதுதான் கரைக்கு வரேல்லை. நேவிக்காரங்கள் அந்த வெடிக்குத்தானே திரும்பினவங்கள். எங்களைக் கொண்டந்தது துவக்கோ?"

"மெஷின்" என்றார் அவர், மிக மெல்ல. "ஒளிச்சு வைச்சிருந்த நாற்பது."

"அப்ப நீங்கள் இஞ்ச இல்லாத சட்டத்துக்குப் பயந்து எட்டை வாங்கிவைச்சுக்கொண்டு, எனக்குத் துவக்குக் காட்டுறியள். எட்டிலை நான் ஏறமாட்டன். சுடுறதுக்கில்லை, ஓடுறதுக்கு ஒண்டு பூட்டுங்கோ. வாறன்."

அமிர்தநாதர் கொப்பியில் புதுப்பக்கம் திருப்பி, அடிமட்டத்தைத் தேடினார்.

ஓகஸ்ற் இரண்டாவது சனி, மத்தியானம், ஏரிக்கரையில், பிளஃபர்ஸ் பார்க்கில் போட் இறங்கியது. பின்னால் நாற்பது, பழையது, ஆனால் ஒரு இழுவையில் பற்றியது. கிளடிஸ் மிதவை அங்கியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மெஷின் பக்கத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார். நடுப்பலகையில் நான்.

கரையின் சுண்ணாம்பு நிற மண்மலை சின்னதாகிக்கொண்டு போன நேரம், சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய போட் எங்களை நோக்கித் திரும்பியது. பொலிஸ். அமிர்தநாதரின் கை மெஷினின் வேகத் திருகியில்.

"ஓட விடட்டே?"

பொலிஸ்காரப் பெண் ஒருத்தி குனிந்து, எத்தனை மிதவை அங்கி என்று கேட்டாள். மூன்று, என்று ஆங்கிலத்தில் சொன்னவர் கிளடிஸ். "குட் டே ஃபோர் இற்" என்று அவள் கையசைக்க, அந்தப் போட் போய்விட்டது. அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. விளிம்பிலிருந்து ஒரு கை எடுபட்டது. கிளடிசும் அசைத்தார், அவர்கள் திரும்பிப் பார்க்காத அளவு தூரம் போன பிறகு.

"விடட்டே கிளடிஸ்?"

"வேண்டாம். மெல்லப் போங்கோ. இப்பதானே வந்தனாங்கள்."

இப்போது மரக்கறிக்கடையில், அமிர்தநாதர் பீரங்கியை விற்று மீன் கொம்பனி தொடங்கிவிட்டார் என்று கதை. நான் திருத்தவில்லை. அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு வேறு கவலை. போம் என் மேசையில்தான் கிடக்கிறது, போர்மனின் கையெழுத்துக்குக் கீழே ஒரு வெறும் கோட்டுடன். அது இனித் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"தேவையோ இல்லையோ, மீன் சாப்பிட்டனீங்கள்தானே தம்பி" என்கிறார் அவர். "ஒரு கையெழுத்து உங்களிலை கடனா நிக்குது."