அத்தையின் தலைப்பெழுத்து

‘ஓடினவன் பேரன்’ என்று என்னைச் சொல்லாத சொந்தக்காரன் ஒருவன்கூடக் கிடையாது. பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேஸ்திரி, எனக்கு மாமா முறை, எல்லார் முன்னாலும் சொன்னார்: “கதவைச் சாத்தி வையுங்கப்பா. இவன் பரம்பரைக்கே கால்ல சக்கரம்.” எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

என் அப்பாவும் அத்தையும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தாத்தா துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனார். திரும்பவில்லை. ஓடிவிட்டான் என்றது சொந்தம். அத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “உசுரோட இருந்தா வந்திருப்பார். போன இடத்துல செத்திருக்கார்” என்பாள். அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது.

அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆவி பறக்கிற கூடத்தில், படுக்கை விரிப்புகளை இன்னொருத்தியோடு முனை பிடித்து உதறி மடிக்க வேண்டும். கறை போகாததை மூக்கைச் சுளிக்காமல் மறுபடி தொட்டியில் போடுவாள். வாய்தான் கத்தரிக்கோல். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “எங்கம்மா பண்ணிக்கிட்டது ரெண்டு பேருக்கும் போதும்” என்பாள்.

ஓய்வு பெற்றதும் ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தாள். வண்டி வைத்திருக்கிற பாவத்துக்கு நான் கூட்டிப்போனேன். துறைமுகப் பதிவு எதிலும் தாத்தா பெயர் இல்லை. “பாத்தியா, வேலைல சேர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார்” என்றாள். எனக்கும் அது வசதிதான். மேஸ்திரி முகத்தில் விட்டெறியலாம்.

அங்கே வேலை பார்த்த பெண் விடவில்லை. “இவரோட அப்பா பேர் என்னம்மா?” என்று கேட்டாள். அத்தை சொன்னாள்.

“அதுல தேடுவோம். முழுப்பேர் கேட்டா நாம அப்பா பேரைத்தானே முதல்ல சொல்லுவோம்? எழுதினவங்க அதையே இவர் பேர்னு நினைச்சிருப்பாங்க.”

கிடைத்தார். மூட்டை தூக்கச் சேர்ந்து, கிடங்குக் காவல்காரராகி, தலை நரைத்து ஓய்வு பெற்றிருக்கிறார். ஊர், வயது, இடது புருவத்துத் தழும்பு எல்லாம் அவரேதான். குடும்பம் என்ற இடத்தில் ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள். எங்கள் வீட்டு ஆட்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தாள்.

“பென்ஷன் வாங்கியிருக்கார்டா” என்றாள்.

“நகல் எடுத்துத் தரவாம்மா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எதுக்கும்மா? ஆள் கிடைச்சாச்சு.”

வண்டியில் வரும்போது நான், “மாமாகிட்ட இதைச் சொல்ல வேணாம் அத்தை” என்றேன்.

“ஏன்? அவன் சொன்னதுதானே நெசம். நான்தான் எல்லார் வாயையும் அடைச்சேன். எங்கம்மா சாகுறவரைக்கும் அந்தாளை ஒரு வார்த்தை திட்ட விடலடா நான். ‘செத்தவரைப் பேசாதே’ன்னு அடக்கிட்டேன்.”

மேஸ்திரியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

போன மழைக்காலத்தில் அத்தை மூச்சுத்திணறலில் படுத்தாள். பார்க்கப் போனபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் வரச்சொன்னாள்.

“நான் போனா பேப்பர்ல போடுவீங்கல்ல?”

“இப்ப எதுக்கு அத்தை அந்தப் பேச்சு?”

“போடுவே, எனக்குத் தெரியும். என் பேருக்கு முன்னாடி எங்கம்மா எழுத்தைப் போடு. தப்புன்னு எவனாவது திருத்த வருவான், விட்டுடாதே.”